பக்கத்து சீட்டில் ஒரு மெக்கானிக்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடிக்காரர் காரின் பானெட்டில் கையை வைத்துச் சபதம் செய்தார்.

"நல்லா கேட்டுக்க. ஞாயித்துக்கிழமை பகல் பன்னெண்டு மணிக்குள்ள இந்த ஒழுகலைக் கண்டுபிடிச்சு நிறுத்திக் காட்டுறேன். நிறுத்தலைன்னா சாவி உன்னோடது. நிறுத்திட்டேன்னா, இனிமே இந்த வீட்ல யாரும் சாவிப் பேச்சே எடுக்கக் கூடாது!"

சொல்லிவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தார். பானெட் சுட்டது.

மனைவி இடுப்பில் குழந்தையோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"பகல் பன்னெண்டுதானே?" என்றாள்.

"பகல் பன்னெண்டு."

"அண்ணே, நீங்களும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

மதிலின் மேல் தாடையை வைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். வேலை இல்லாத நேரத்தில் அவர் தாடை அந்த மதிலில்தான் இருக்கும். "கேட்டேம்மா. தெருவுக்கே கேட்டுச்சு" என்றார்.

அந்தச் சாவிதான் ஒரு வாரமாக வீட்டில் சண்டை. திங்கட்கிழமை மனைவிக்கு வேலை ஆரம்பம். ஊரின் அந்தக் கோடியில் ஒரு தையல் கூடம். காலை ஏழரைக்கு மெஷினில் உட்கார்ந்துவிட வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஓர் அறையும் ஓர் அம்மாவும் உண்டு. காரில் போனால் இருபது நிமிஷம். கார் ஓட்டும் லைசென்ஸை அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கியிருந்தாள். மூன்று வருஷமாக அது அலமாரியில், குழந்தையின் உடுப்புகளுக்கு அடியில், கசங்காமல் படுத்திருந்தது.

"நான் வண்டிய எடுத்துட்டுப் போறேங்க. உங்க கடை நடந்தா பத்து நிமிஷம்தானே" என்று அவள் கேட்டிருந்தாள்.

"நடந்தா பத்து நிமிஷம். நான் ஏன் நடக்கணும்?"

காரில் போனால் அவருக்குக் கடைக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும். நிறுத்த இடம் தேட வேண்டுமே.

"அப்ப நான் எப்படிப் போறது?"

"ரெண்டு பஸ் மாறினா ஆச்சு. ஜன்னலோரமா உக்காந்தா ஊர் பாத்த மாதிரி இருக்கும்."

"குழந்தையைத் தூக்கிக்கிட்டா?"

"அதுவும் பாக்கட்டுமே!"

அவர் வேலை கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்பார். அதனால்தான் தெருவில் அவர் கண்ணாடிக்காரர். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணில் என்ன கோளாறு என்று சொல்லிச் சொல்லி, தன் கண்ணுக்குத் தப்பி எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது என்று ஒரு நினைப்பு அவருக்கு வந்துவிட்டது.

காருக்கு வயது இருபத்திரண்டு. கல்யாணத்துக்கு எட்டு வருஷம் முன்னால் அவரிடம் வந்தது. ஆகவே மனைவி அதை "மூத்தவங்க" என்றுதான் மரியாதையாகச் சொல்வாள். "மூத்தவங்க தண்ணி குடிச்சாச்சா?" "மூத்தவங்க இன்னிக்கு என்ன இப்படி இருமுறாங்க?" அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் தண்ணீர் குடித்ததும் உண்மை, இருமியதும் உண்மை. என்ன செய்வது?

ஒரு மாசமாகவே இப்படி. கொஞ்ச தூரம் ஓடினால் போதும், சூடு காட்டுகிற முள் எழுந்து நின்றுவிடும். இஞ்சினைக் குளிர வைக்கிற பச்சை நிறத் தண்ணீரை, அதைக் கூலன்ட் என்பார்கள், டப்பாவில் கோடு வரைக்கும் ஊற்றினால் வாரக் கடைசியில் நாலு விரல் குறைந்திருக்கும். சரி, ஒழுகுகிறது. எங்கே ஒழுகுகிறது? கார் நின்ற இடத்தில் ஒரு சொட்டு கிடையாது.

"ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிடலாமே" என்று அவள் சொன்னதுதான் தாமதம்.

"மெக்கானிக்கா! பதினோரு வருஷமா இவ மேல வேற ஆள் கை பட்டதில்ல. இனிமேலும் படாது!"

அப்படி ஆரம்பித்துத்தான் பானெட்டும் சபதமும்.

சனிக்கிழமை காலை, கடைக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்காரர் களத்தில் இறங்கினார். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துக் காருக்கு அடியில் விரித்தார். இஞ்சினை ஓட விட்டார். சொட்டு அட்டையில் விழும், விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் ஓட்டை. அவ்வளவுதான் கணக்கு. தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, அரை மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று அடியிலிருந்து சத்தம் வந்தது. "வட்டமா ஒரு ஈரம்!"

மனைவி குனிந்து பார்த்தாள். "அது உங்க டீ டம்ளர் இருந்த இடங்க."

மதில் பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு வந்தது. மற்றபடி அட்டை சுட்ட அப்பளம் மாதிரி மொறமொறவென்று காய்ந்து கிடந்தது.

"என்னங்க," என்றாள் அவள், "வண்டிக்குள்ள, பக்கத்து சீட்டுக்கு முன்னாடி, நான் கால் வைக்கிற இடத்துல..."

"ஈரமா இருக்கு. அதானே? ஒரு மாசமா இருக்கு. குழந்தையைப் பிடிக்கத் தெரியணும்! ஒருநாள் பால் பாட்டிலைக் கவுக்குது, ஒருநாள் அதுவே போயிடுது. நான் இஞ்சினைப் பத்திப் பேசுறேன், நீ குழந்தையைப் பத்திப் பேசுற."

"குழந்தை போனா இப்படியா..."

"குறுக்க பேசாத."

அவர் அடுத்து ரேடியேட்டர் மூடி மேல் சந்தேகப்பட்டார். ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு திறக்கப் போனார்.

"என்னங்க! கொதிக்கிற குக்கரை இப்படித்தான் திறப்பீங்களா?"

கை அந்தரத்தில் நின்றது. பெண்டாட்டி சொல்லித்தான் நின்றது என்று இருக்கக் கூடாதல்லவா? ஆகவே கொஞ்ச நேரம் துணியை மடித்தார், பிரித்தார், வானத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் ஆறட்டும்னு நானே நெனச்சேன்" என்றார்.

ஆறிய பிறகு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் வெடித்திருந்தது. சரி, புது மூடி. மேலே போகும் ரப்பர்க் குழாய் பழசாகத் தெரிந்தது. சரி, புது ஹோஸ். அதை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் துரு ஏறியிருந்தது. சரி, புது கிளாம்ப். கையெல்லாம் கரி. "எழுதிக்க" என்று மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினாள். அவர் மூன்று சாமான் சொன்னார். அவள் ஐந்து எழுதினாள். அவர் அதைக் கவனித்திருந்தால் கதை அங்கேயே வேறு மாதிரி போயிருக்கும். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர், சீட்டைப் பார்க்காமலே கடைக்காரரிடம் நீட்டினார். கடைக்காரர் கொடுத்த பையைப் பார்க்காமலே வாங்கி வந்தார்.

எல்லாவற்றையும் மாட்டி, காரில் ஒரு சுற்று போய் வந்தார்கள். அவர் ஓட்டினார். மனைவி பக்கத்து சீட்டில். பாதி வழியில் முன்கண்ணாடி உள்பக்கமாகப் புகை படிந்த மாதிரி மங்கியது. கையால் துடைத்தார். துடைத்த இடம் மறுபடி மங்கியது.

"என்னங்க, இந்தக் கண்ணாடி மங்குறதுக்கும்..."

"நீ பேசுற பேச்சுக்கு அது மங்காம என்ன செய்யும்? ஏறினா இறங்குற வரைக்கும் வாய் ஓயுதா? எல்லாம் உன் மூச்சு."

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன். அதனால போன வாரம் முழுக்க வண்டியில ஒரு வார்த்தை பேசாம வந்து பாத்தேன். அப்பவும் மங்குச்சு."

போன வாரம் முழுக்க இவள் பேசவில்லையா? அது எப்படித் தனக்குத் தெரியாமல் போனது?

"மனசுக்குள்ள பேசியிருப்ப" என்றார்.

வீட்டுக்கு வந்து ஆற விட்டுப் பார்த்தால், டப்பாவில் ஒரு விரல் குறைவு.

மதிலிலிருந்து யோசனை வந்தது. "தம்பி, எங்க பஸ்ஸு ஒருதடவ நடு வழியில ஒழுகுச்சு. ரேடியேட்டர்ல ரெண்டு முட்டைய உடைச்சு ஊத்தினோம். முட்டை சூட்டுல வெந்து போய் ஓட்டையை அடைச்சுக்கிச்சு. ஒரு சொட்டு வரலையே!"

மனைவி வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றதாலேயே அவர் இரண்டுக்குப் பதில் நாலு முட்டையை உடைத்து ஊற்றினார். பத்து நிமிஷம் இஞ்சின் ஓடியது. தெரு முழுக்க ஆம்லெட் வாசனை. இரண்டு பூனைகள் வந்து பானெட்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டன.

"உப்பு போட்டீங்களா?" என்றாள் மனைவி.

முள் முன்னைவிட வேகமாக ஏறியது. ஒழுகல் நிற்கவில்லை, தண்ணீர் ஓட்டம்தான் நின்றது. சாயங்காலம் வரைக்கும் கண்ணாடிக்காரர் தோட்டக் குழாயை மாட்டி ரேடியேட்டரை அலசி அலசி வெந்த முட்டையை வெளியே எடுத்தார். மதிலில் தாடையைக் காணோம்.

அவர் கை கழுவும்போது மனைவி ஒரு சின்னத் துணியோடு வந்தாள். பக்கத்து சீட்டுக்குக் கீழே அவள் போட்டு வைத்திருந்த துணி.

"இதை ஒரே ஒரு தடவ மோந்து பாருங்க."

"குழந்தை ஈரத்தை நான் ஏன் மோக்கணும்?"

"தினமும் அந்தத் துணியைத் துவைக்கிறவ நான். எது பால் கறை, எது குழந்தைக் கறைன்னு எனக்குத் தெரியாதா? இது..."

"இந்தா பாரு. ஒழுகுறது வண்டி. வண்டியைப் பத்தித் தெரிஞ்சவன் நான். நீ உள்ள போய் உன் வேலையைப் பாரு."

அவள் அவரைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். அதை நாலாக மடித்தாள்.

"சரிங்க" என்றாள்.

மூன்று வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படி ஒரே வார்த்தையில் சரி என்றது இரண்டு தடவைதான். முதல் தடவைக்குப் பிறகுதான் அவருடைய தொப்பையும் மாலை டீயின் சர்க்கரையும் குறைந்தன. அவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். முட்டை வாசனையில் மூளை வேலை செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கண்ணாடிக்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மூடி புதுசு. ஹோஸ் புதுசு. கிளாம்ப் புதுசு. தண்ணீரைச் சுற்ற விடுகிற பம்பைத் தடவிப் பார்த்தாயிற்று, காய்ந்த கட்டை. இஞ்சினில் ஈரமான இடம் என்று ஒன்று இருந்தால் அது அவருடைய வியர்வை விழுந்த இடம். இன்னும் இரண்டே மணி நேரம்.

மனைவி டீயோடு வந்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

"நிக்கும்போது ஒழுகல..."

"ஒழுகல."

"அப்ப ஓடும்போதுதான் ஒழுகுது."

"அதைத்தானே நானும் சொல்றேன்!" அவர் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

"ஓடும்போது நீங்க ரோட்டைப் பாக்கணும். ஒழுகலை யார் பாக்கிறது?"

"நீ பாரு."

"எனக்கு என்னங்க தெரியும்? நான் பாத்தா குழந்தைக் கறையைத்தான் பாப்பேன். கண்ணு தெரிஞ்ச ஆள்தான் பாக்கணும்."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. கண் என்று வந்துவிட்டால் அவரைவிட்டால் யார்? "அப்ப வேற யாராவது ஓட்டணும். அண்ணே! ஒரு சுற்று ஓட்டுறீங்களா?"

மதிலுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல். "இடுப்பு பிடிச்சுக்கிச்சு தம்பி. நிமிர முடியல."

மணி பத்தேகால். மனைவி குழந்தையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய புடவைக் கொசுவத்தில் ஒரு சின்ன அட்டை செருகியிருந்தது. லைசென்ஸ். அது அலமாரியிலிருந்து எப்போது இறங்கி வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை.

"தெரு முனை வரைக்கும்தான்" என்றார்.

"சரிங்க."

"ரெண்டாவது கியருக்கு மேல போகக் கூடாது."

"சரிங்க."

குழந்தையை அண்ணன் மனைவியிடம் விட்டார்கள். கண்ணாடிக்காரர் பழக்கத்தில் ஓட்டுகிற பக்கம் போய், திரும்பி, காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார். பதினோரு வருஷத்தில் அந்தக் கதவை அவர் வெளியிலிருந்துதான் சாத்தியிருக்கிறார். அந்த சீட்டில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அதில் ஒரு கம்பி நேராக முதுகெலும்பைத் தேடி வரும் என்று.

"செருப்பைக் கழட்டிடுங்க. கீழ வெள்ளைத் துணி போட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"நீங்க ஏறுற வண்டி. சுத்தமா இருக்க வேணாமா?"

அந்த மரியாதை அவருக்குப் பிடித்தது. கழற்றினார்.

அவள் சீட்டை முன்னால் இழுத்தாள். "மெதுவா! அது பதினோரு வருஷமா அங்கதான் இருக்கு!" பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் திருப்பினாள். "அய்யோ, அதைத் தொடாத!" அவள் சாவியைத் திருப்பினாள். மூத்தவள் ஒரு தடவைகூட இருமாமல் எழுந்தாள். கியர் விழுந்தது. அவர் போட்டால் கர்ரென்று பல்லைக் கடிக்கிற அதே கியர், அவளுக்கு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது. அவருக்கு அது துரோகம் போல இருந்தது.

தெரு முனை வந்தது. போனது.

"முனை வரைக்கும்னு சொன்னேனே!"

"இன்னும் சூடாகலைங்க. சூடானாத்தானே ஒழுகும்? நீங்க பாத்துக்கிட்டே வாங்க."

அவர் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், டார்ச்சை எடுத்து வெயிலில் அடித்துப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஆனால் முன்கண்ணாடி மெல்ல மங்க ஆரம்பித்தது.

"நீ பேசலியே" என்றார்.

"இல்லங்க."

"மனசுக்குள்ள?"

"அங்கயும் இல்லங்க."

அப்போதுதான் அவருடைய வலது பாதத்தின் ஓரம் வெதுவெதுவென்று நனைந்தது. முதலில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. "குழந்தையைப் பிடிக்கத் தெரி..." என்று வாய் தானாக ஆரம்பித்து, பாதியில் நின்றது. குழந்தை அண்ணன் வீட்டில் இருந்தது. அவர் குனிந்தார். வெள்ளைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைக் கறை. எடுத்து மோந்து பார்த்தார். பாகு காய்ச்சின மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. டாஷ்போர்டு என்கிற முன்பலகைக்குக் கீழே கையை விட்டுத் தடவினார். கை நனைந்து வந்தது.

"நிறுத்து! நிறுத்து! கண்டுபிடிச்சுட்டேன்! ஒழுகல் வெளிய இல்ல, உள்ள! குளிருக்குக் காருக்குள்ள சூடு குடுக்கிற ஹீட்டர் இருக்குல்ல, அது குட்டி ரேடியேட்டர் மாதிரி. இஞ்சின் தண்ணி அதுக்குள்ள வந்துதான் போகுது. அதுதான் ஓட்டை! அந்த ஆவிதான் கண்ணாடியில படியுது! அதான் தரையில சொட்டு இல்ல!"

"அடேயப்பா!" என்றாள் மனைவி, கண்ணை அகல விரித்து. "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"அனுபவம்" என்றார் கண்ணாடிக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரைத் தூக்கினார். அவள் "குக்கர்" என்றாள். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நாற்பது நிமிஷம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பதினொன்றே காலுக்கு வேலை ஆரம்பம். உள்ளே இருக்கிற ஹீட்டருக்கு இரண்டு ஹோஸ், ஒன்று போக, ஒன்று வர. இரண்டையும் கழற்றி, வெளியிலேயே ஒன்றோடு ஒன்று சேர்த்துவிட்டால் தண்ணீர் உள்ளே போகவே போகாது. குளிர் நாளில் போர்த்திக்கொண்டு போனால் ஆயிற்று. எல்லாம் சரி. இரண்டு ஹோஸையும் சேர்க்க நடுவில் ஒரு சின்னக் குழாய் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்?

"பையில ஏதோ குட்டிக் குழாய் ஒண்ணு கிடந்த மாதிரி இருந்துச்சுங்க" என்றாள் மனைவி.

கிடந்தது. அளவெடுத்த மாதிரி. கூடவே இரண்டு கிளாம்ப்.

"பாத்தியா! எதுக்கும் இருக்கட்டும்னு நேத்தே வாங்கி வெச்சிருக்கேன்!" என்றார். எப்போது வாங்கினோம் என்று அவருக்கே ஞாபகமில்லை. இவ்வளவு முன்யோசனை தனக்கு இருப்பதை நினைத்து உடம்பு சிலிர்த்தது.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது இஞ்சினை ஓட விட்டார். சூடேறியது. முள் நடுவில் வந்து நின்றது. நின்றது நின்றபடி. முன்பலகைக்குக் கீழே கையை விட்டார். புதிதாக ஒரு சொட்டு இல்லை.

கண்ணாடிக்காரர் ஸ்பேனரை வாள் போலத் தூக்கிப் பிடித்தார். "மணி என்ன?"

"பன்னெண்டுக்கு ஒரு நிமிஷம் இருக்குங்க."

"ஜெயிச்சது யாரு?"

"நீங்கதாங்க. சந்தேகமே இல்ல."

"சாவி யாருது?"

"உங்களுது. இனிமே நான் சாவிப் பேச்சே எடுக்க மாட்டேன்."

இடுப்பு பிடித்துக்கொண்ட அண்ணன் மதிலை ஒரே தாண்டாகத் தாண்டி வந்து கை குலுக்கினார். கண்ணாடிக்காரர் முதல் சொட்டிலிருந்து கடைசி கிளாம்ப் வரை கதை சொன்னார். முட்டையை மட்டும் விட்டுவிட்டார். மனைவி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். அவர் முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, உங்க பஸ்ஸுல எல்லாம் இப்படி ரிப்பேர் பண்ணினா, சரியாயிடுச்சுன்னு எப்படி முடிவு பண்ணுவாங்க?"

"அதுக்குன்னு ஆள் இருக்கும்மா. பண்ணின மெக்கானிக்கே பஸ்ஸுல ஏறி, ரிப்பேர் பண்ணின இடத்துக்குப் பக்கத்துலயே உக்காந்து வருவான். பத்து நாள் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவான்."

"பத்து நாளா?" கண்ணாடிக்காரர் சிரித்தார். "அது சாதாரண மெக்கானிக். என் ரிப்பேருக்கு நான் அறுபது நாள் கியாரண்டி! அறுபது நாள் தினமும் பாக்கிறேன். ஒரு சொட்டு காட்டட்டும், என் பேரை மாத்திக்கிறேன்!"

"அறுபது நாள்" என்றாள் மனைவி. "தினமும்."

"தினமும்!"

"ஓடும்போதுதானே பாப்பீங்க?"

"ஓடும்போதுதான் ஒழுகும். நிக்கும்போது பாத்து என்ன புண்ணியம்?"

"எங்க உக்காந்து பாப்பீங்க?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். கையில் இருந்த ஸ்பேனர் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

"சாவி உங்களுதுதாங்க" என்றாள் அவள், கையை நீட்டிக்கொண்டே. "நான் ஓட்டத்தான் போறேன்."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மூத்தவள் தெரு முனையைத் தாண்டினாள். இளையவள் ஓட்டினாள். பக்கத்து சீட்டில் மெக்கானிக், வெறுங்காலோடு, ஒரு கையில் டார்ச். மடியில் குழந்தை. குழந்தையைப் பிடித்துக்கொண்டு கியர் போட முடியாது என்று அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. கண்ணாடி தெளிவாக இருந்தது. முள் நடுவில் இருந்தது. மனைவி வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். ஒரு வாரம் பேசாமல் விட்டதையும் சேர்த்துப் பேசினாள். கண்ணாடி மங்கவே இல்லை.

தையல் கூடம் கண்ணில் தெரிகிற நேரம். அவருக்கு வெதுவெதுவென்று ஏதோ நனைந்தது. திடுக்கிட்டுத் துணியைப் பார்த்தார். காய்ந்திருந்தது. ஈரம் இன்னும் மேலே இருந்தது. அவருடைய கால்சட்டையில், மடியில், நட்டநடுவில்.

"என்னங்க, துள்ளுறீங்க? ஒழுகுதா?"

ஒழுகுகிறது என்றால் ரிப்பேர் போச்சு, கியாரண்டி போச்சு, பேரும் போச்சு. இல்லை என்றால்? கண்ணாடிக்காரர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"வண்டி இல்ல. குழந்தை" என்றார்.

"பிடிக்கத் தெரியணுங்க" என்றாள் மனைவி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தையல் கூட வாசலில், நிழலாகப் பார்த்து, ஒரே திருப்பில் காரை நிறுத்தினாள். குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கதவைப் பூட்டினாள். சாவியைப் பைக்குள் போட்டாள்.

"நான்? நான் கடைக்கு எப்படிப் போறது?" என்றார் அவர், மடியை டார்ச்சால் மறைத்துக்கொண்டு.

"ரெண்டு பஸ் மாறினா ஆச்சு. உக்காராதீங்க, ஜன்னலோரமா நின்னுக்கிட்டே போங்க. ஊர் பாத்த மாதிரியும் இருக்கும், ஈரமும் காஞ்சிடும்."